அட்டையில் மிஞ்சிய மாத்திரைகள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகமாக இருக்கிறோம், வாய் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் அங்கே உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், நான் அழுத இடத்தை மட்டும் பெரிதாக்கிச் சொல்வாள். அதனால் அவள் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன், ஜெயித்துவிட்டோம் கண்ணு. பள்ளத் தெருவுக்குத் தண்ணீர்க் காலத்தில் கொடுக்கிற உணவுப் பொட்டலத்தை அடுத்த வருடத்திலிருந்து நிறுத்தப் போவதாக இருந்தார்கள், அது நிற்காது. தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறதோ அத்தனை மாதமும் பொட்டலம் வரும் என்று கையெழுத்து, முத்திரையோடு உத்தரவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் நானே பசை தடவி ஒட்டினேன். சந்தோஷத்தில் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டேன், பிய்த்து ஒட்ட மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ இங்கே இருந்தபோது பள்ளத் தெருவில் கடல் தண்ணீர் ஏறினால் இரண்டு மாதத்தில் வடிந்துவிடும். இப்போது அதெல்லாம் பழங்கதை. மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியவில்லை, கரை உடைந்த பக்கமாக உள்ளே வருகிற தண்ணீர் நாலு மாதம், ஐந்து மாதம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வடிந்த பிறகும் மண்ணில் உப்பு நிற்கிறது, வீட்டுக்குப் பின்னால் நாலு கீரை முளைப்பதில்லை. செங்கல் சூளை மூடிவிடுகிறது, மூட்டை தூக்குகிற வேலை நின்றுவிடுகிறது. ஆனால் பொட்டலத்துக்கு மட்டும் பழைய கணக்குதான், இரண்டு மாதம், அதற்கு மேல் ஒரு பிடி மாவு கிடையாது. இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள், வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் கையில் குடை, அதனால் தெருவில் அவளுக்குக் குடைக்காரம்மா என்றே பெயராகிவிட்டது. தண்ணீர் ஏறுகிற ஊர்களில் சாப்பாடு எவ்வளவு பற்றாக்குறை, அதனால் உடம்பு எப்படிக் கெடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நாற்பது கேள்வி உள்ள படிவத்தோடு முழங்கால் தண்ணீரில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. கடந்த முப்பது நாளில் சாப்பாடு இல்லாமல் இருந்ததுண்டா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னது ஒன்பதே ஒன்பது வீடு. மிச்சப் பேரெல்லாம் "அதெல்லாம் ஒரு குறையும் இல்லம்மா, நீங்க முதல்ல டீ குடிங்க" என்று சொல்லி, பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்கி டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த முடிவு மேலே போனதும் அங்கிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், பசியே இல்லாத தெருவுக்குப் பொட்டலம் எதற்கு என்று. அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. தான் எடுத்த கணக்கே அந்தத் தெருவின் வாயிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்கப் போகிறது என்று என் ஜன்னலுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் ஜன்னல் சட்டம் உனக்குத் தெரியும். பழைய அட்டையைக் காட்டாமல் புது மாத்திரை அட்டை கிடையாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, மொத்தம் இருபத்தெட்டு. பழைய அட்டையில் மிச்சம் இருந்தால் எண்ணி, நீளமான நோட்டில் பெயருக்கு நேரே எழுதி, வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு திட்டுப் பாட்டும் பாடி அனுப்புவேன். பதினோரு வருட நோட்டு இருக்கிறது. அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று உன் அம்மா இரண்டு முறை பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிட்டாள், நான்தான் குறுக்கே படுத்துத் தடுத்தேன். எதற்கு என்று கேட்டால், பள்ளத் தெரு ஜனங்கள் எவ்வளவு அஜாக்கிரதை என்பதற்கு என்றாவது ஒரு நாள் யாராவது ஆதாரம் கேட்பார்கள் என்ற நினைப்பு. மேட்டுத் தெருக்காரர்கள் அட்டையில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும், பள்ளத் தெருவில் எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒரே டாக்டர், ஒரே ஜன்னல், ஒரே மாத்திரை, ஆனால் ஆறாத கால் புண்ணும் பக்கவாதமும் அங்கேதான். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்காவிட்டால் நான் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அன்று காலை குடைக்காரம்மா அந்தப் பெஞ்சில் இருக்கும்போதே பள்ளத் தெருத் தையல்காரி வந்தாள், நம் வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் தைத்துக் கொடுத்தவள், உனக்கு முகம் ஞாபகம் இருக்கும். அட்டையை நீட்டினாள். எண்ணினேன், பதினொன்று மிச்சம். எனக்கு வந்ததே கோபம். "எத்தனை தடவை சொல்றது உனக்கு, காசு கொடுத்தா வாங்கறே, சும்மா கிடைக்கிறதுன்னா இளப்பமா" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசினவள் இல்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "சாப்பிட்ட பிறகுதான் போடணும், வெறும் வயித்துல போட்டா ஆபத்துன்னு நீங்கதான சொன்னீங்க, கவர்லயும் அப்படித்தான் அடிச்சிருக்கு. சாப்பிட்ட வேளைக்கெல்லாம் போட்டேங்க" என்றாள்.

மகளே, என் கையில் அந்த அட்டை, அதில் பதினொரு மாத்திரை. பத்து நாளைக்கு முன்னால் இதே பெண்தான் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பியிருக்கிறாள். குடைக்காரம்மா எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்த நோட்டு எத்தனை வருஷத்துக்கு இருக்கு" என்று கேட்டாள். பதினோரு வருடம் நான் அஜாக்கிரதை என்று எண்ணி எழுதினதெல்லாம் அவர்கள் சாப்பிடாத வேளைகள். என் பேச்சைக் கேட்கவில்லை என்று யாரைத் திட்டினேனோ, அவர்கள் என் பேச்சை எழுத்துக்கு எழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்று யாருக்கும் பாட்டு இல்லை, எல்லோருக்கும் வாயைத் திறக்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நம் வீட்டுக் கூடம் முழுக்க நோட்டுகள்தான். குடைக்காரம்மா கணினியில் ஏற்ற, நான் பக்கம் புரட்ட, உன் அம்மா எண்களை வாசித்தாள், அதுவும் பஸ்ஸில் இடம் பிடிக்கப் போகிறவள் மாதிரி வேகம். இவள் கொஞ்சம் மெதுவாக வாசிக்கக் கூடாதா என்று நான் முனகினால், ஆராய்ச்சி என்றால் சுறுசுறுப்பு வேண்டும் என்று எனக்கே பாடம். இரண்டாவது வாரம் ஒரு பக்கத்தில் அவள் வாசிப்பு நின்றது. என்ன என்று எட்டிப் பார்த்தால் அவள் பெயர். ஜன்னலில் எல்லோரும் ஒன்று என்று, சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிற உன் அம்மா பெயரையும் அதே நோட்டில் எழுதி வந்தவன் அல்லவா நான், நேரே மிச்சம் எட்டு என்று போட்டு, சிவப்பு மையில் கவனக்குறைவு என்றும் எழுதியிருக்கிறேன். நீ கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், ரோட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் இருபது நாள் ஒரு வண்டி வரவில்லையே, அந்த மாதம். அவள் நிமிரக்கூட இல்லை, "மூணு பேருக்குப் பங்கு போட்டா ரெண்டு பேருக்குத்தான் வந்துது, விடுங்க, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்க, வேலை கிடக்கு" என்கிறாள். அந்த இருபது நாளும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டிருக்கிறேன், அவளும் ஆச்சு என்று சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டேன் என்ற நிம்மதியோடு நான் தூங்கியும் இருக்கிறேன். உன் அம்மா உனக்குப் போனில் சொல்லப் போகிற அழுகை இதுதான். ஆமாம், அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை மாத்திரை வெறும் வயித்துல போடாதது சரிதான், ஆனா நாம கொடுக்கிற பிரஷர் மாத்திரைக்குச் சாப்பாடு அவசியமே இல்லையே, அதையும் ஏன் நிறுத்தினாங்க" என்று கேட்டார். ஏன் என்றால், என்னிடம் இருந்தது ஒரே ரப்பர் ஸ்டாம்ப். உணவுக்குப் பின் என்ற ஸ்டாம்ப். மற்ற ஸ்டாம்புகளெல்லாம் பிடி உடைந்து எத்தனையோ வருடமாகிறது, புதிது கேட்டு எழுதிப் போடச் சோம்பல், எதற்கு வம்பு என்று எல்லாக் கவரிலும் இதையே குத்தித் தள்ளினேன். நான் குத்தின குத்தில்தான் அவர்கள் பிரஷர் மாத்திரையையும் பசித்த நாளில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே படகுக்காரரைப் பார்க்கப் போனேன், போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தவர். திண்டாடித் திண்டாடி விஷயத்தைச் சொன்னேன். அவர், "கை போனது உன் ஸ்டாம்பாலயா, பசியாலயா, எனக்குத் தெரியாதுப்பா. ஆனா நீ அந்தக் கத்து கத்தாம இருந்திருந்தா, சாப்பிடாத அன்னிக்கு இதைப் போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றார். கண்ணு, முப்பது வருட வேலையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

இனி ஜெயித்த கதை. பெரிய அலுவலகத்தில் கூட்டம், நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தலைமை அதிகாரி நடுவில். குடைக்காரம்மா எழுந்து முதல் வாக்கியமே என் கேள்வி தவறு என்று சொன்னாள். படித்தவர்கள் கூடின இடத்தில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும் சொல். அதிகாரி விடவில்லை, மாத்திரை மிச்சம் என்றால் பசி என்று எப்படி அர்த்தம், அஜாக்கிரதையாக இருக்கக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பதினோரு வருடம் நானே நம்பினது. அப்போது நான் எழுந்தேன். குரல் ஜன்னல் குரல், அது என்னைக் கைவிடவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு வருடம் முன்னால் ஆறு வாரம் பொட்டலம் ஒழுங்காக வந்தது, அப்போது பள்ளத் தெரு அட்டைகளில் மிச்சம் ஒன்றும் இரண்டும், மேட்டுத் தெரு மாதிரியே. பிறகு பாலம் உடைந்து நாலு வாரம் லாரி வரவில்லை, மிச்சம் பத்து, பன்னிரண்டு. லாரி வந்தது, மறுபடி ஒன்று, இரண்டு. அதே ஜனங்கள், அதே மாத்திரை, திட்டினதும் அதே ஆள். "ஆறு வாரம் அஜாக்கிரதை லீவு எடுத்துக்கிட்டுப் போயிட்டு, பாலம் உடைஞ்ச அன்னிக்கு வேலைக்குத் திரும்பிச்சுங்களா" என்று கேட்டேன். மேஜை முழுக்கச் சிரித்துவிட்டது, அதிகாரியும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கினதும் ஒருவர், பிரஷர் மாத்திரைக்குச் சாப்பாடு தேவையில்லையே, அதில் ஏன் மிச்சம் என்று பிடித்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பேசாமல் இருங்கள், நான் சமாளிக்கிறேன் என்பது மாதிரி. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதை மூடி மறைத்தால் நோட்டில் பாதி எண்களுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும், அதோடு சேர்ந்து பொட்டலமும் போய்விடும். அது என் தப்பு, ஒரே ஸ்டாம்பை எல்லாவற்றுக்கும் குத்தினேன் என்று சொல்லிவிட்டேன். உடனே பின் வரிசையிலிருந்து, எங்களோடு வந்திருந்த தையல்காரி எழுந்தாள், அவளை யாரும் பேசக் கூப்பிடவே இல்லை. "வந்தவங்க முன்னாடி, பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போது, பசிக்குதுன்னு எந்த வாயால சொல்றது. மாத்திரையைக் காட்டுன்னா காட்டியிருப்போம், யாரும் கேக்கலை" என்றாள்.

ஐந்தாம் நாள் உத்தரவு வந்தது. தண்ணீர் நிற்கிற மாதமெல்லாம் பொட்டலம், அதுவும் என் ஜன்னலிலேயே மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஏறுகிற இன்னும் ஐந்து ஊர்களில் குடைக்காரம்மாவின் படிவத்தில் அந்தப் பழைய கேள்விக்கு முன்னால், மாத்திரை அட்டையைப் பார்க்கலாமா என்ற கேள்வி சேர்ந்துவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரையும் போடுவேன் என்கிறாள், தையல்காரி பெயருக்குக் கீழே போடு, மேலே போட்டால் கட்டுரையைக் கிழித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். உத்தரவு வந்த அதே தபாலில் ஸ்டாம்ப் விஷயமாக என்னிடம் விளக்கம் கேட்டும் ஒரு கடிதம் வந்தது. நீ பயப்படாதே, கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்கள், ஒளிக்காமல் பதில் எழுதிவிட்டேன். உன் அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம் என்கிறாள். இப்போது என்னிடம் மூன்று ஸ்டாம்ப், மூன்று நிற மை, விரலெல்லாம் பச்சையும் சிவப்புமாகத் திரிகிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஆகிறது, ஒரு மணிக்கு மூடுகிற ஜன்னல் மூன்று மணிக்கு மூடுகிறது. நேற்று படகுக்காரரும் இடது கையில் கவரைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார், உட்காரவைத்துச் சொன்னேன்.

வீட்டில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உன் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, மாத்திரை கேட்டு என்னிடமே வந்து வரிசையில் நிற்காமல் சண்டை போட்டார், வரிசையில் நிற்கவைத்தேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. அத்தை மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஒரு வார்த்தை பேசிவிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, புது இடத்தில் எல்லோரையும் உடனே நம்பாதே, யாரையும் வெடுக்கென்றும் பேசிவிடாதே, அது என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிற வியாதி. வீட்டில் இப்போது நானும் உன் அம்மாவும் ஒரே நேரத்தில் தட்டு வைத்துத்தான் சாப்பிடுகிறோம், அவள் சலித்துக்கொண்டாலும் விடுவதில்லை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ கூப்பிடும்போது சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், சாப்பிட்டேன்பா என்கிறாய், அச்சு அசலாக உன் அம்மா குரலில். போன வாரம் அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் எத்தனை வீட்டுப் பதிலை இதே காதால் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இனி அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்கப் போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுத்துக்கொண்டு உன் சமையலறைக்குப் போ, அலமாரியைத் திற, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டு. நான் பேசாமல் பார்க்கிறேன். திட்ட மாட்டேன், சத்தியம்.

எல்லா நலமும் பெற்று நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். போனுக்கு முழுதாகச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா